கதிரியக்கப் பொருளோடு வேலைக்கு வருகிறீர்களா? முதலில் மீட்டரைக் கையில் எடுங்கள்

1990 ஜூன் 21. இஸ்ரேலில் சோரெக் என்ற இடத்தில், மருத்துவப் பொருள்களைக் கதிர்வீச்சால் கிருமிநீக்கம் செய்யும் ஆலை. உள்ளே பெட்டிகள் சிக்கிக்கொண்டன. கதிர்வீச்சைத் தரும் கோபால்ட்-60 மூலங்களைத் தாங்கிய சட்டம் பாதுகாப்பான இடத்துக்குத் திரும்பாமல் நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் ஒரே சமயத்தில் இரண்டு செய்திகள்: மூலம் இறங்கிவிட்டது என்றது ஒன்று; உள்ளே கதிர்வீச்சு இருக்கிறது என்று மணியடித்தது மற்றொன்று. பணியாளர் முதலாவதை நம்பினார். மணிதான் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவுகட்டி, பூட்டு முறையைத் தாண்டி உள்ளே போனார். சற்று நேரத்தில் கண் எரிந்தது, தலை விண்ணென்று தெறித்தது, வெளியே வந்துவிட்டார். 36 நாள் கழித்து இறந்தார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை. அவர் முட்டாள் அல்லர், அனுபவசாலி. இரண்டு செய்திகள் முரண்பட்டபோது தனக்கு வசதியானதை நம்பினார், அவ்வளவுதான். நாம் எல்லோரும் தினமும் செய்கிற காரியம் அது. வேறு வேலைகளில் அதற்கு மன்னிப்பு உண்டு. கதிர்வீச்சைக் கண்ணால் பார்க்க முடியாது, முகர முடியாது, சூடாகவும் உறைக்காது. ஆகவே இந்த வேலையில் உங்களுக்கு ஐம்புலன்கள் போதாது. ஆறாவது புலனைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அதன் பெயர் சர்வே மீட்டர், கதிர்வீச்சை அளக்கும் கைக்கருவி.

தொழிற்சாலையில் வெல்டிங்கைக் கதிரால் படமெடுப்பவர், மருத்துவமனையில் அணு மருத்துவப் பிரிவில் மருந்து கலப்பவர், ஆய்வுக்கூடத்தில் பாஸ்பரஸ்-32 சொட்டுவிடுபவர், குழாயில் பொருத்திய கதிரியக்க அளவுமானியைப் பராமரிப்பவர் என யாராக இருந்தாலும் கடமைகளின் அடிப்படை ஒன்றுதான். எண்களும் படிவங்களும் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பும் உங்கள் நிறுவனத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் சொல்வார்கள்.

முதல் நாள்: நீங்கள் சொல்ல வேண்டியவை

பாதுகாப்பு என்றால் நிறுவனம் நமக்குச் செய்ய வேண்டியது என்றே பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். சர்வதேச அணுசக்தி முகமை 2014-இல் வெளியிட்ட அடிப்படைப் பாதுகாப்புத் தரநிலைகளில் பணியாளருக்கென்றே தனியாகக் கடமைகள் உண்டு. விதிகளைப் பின்பற்றுவது, கொடுத்த கருவிகளையும் கவசங்களையும் முறையாகப் பயன்படுத்துவது, அளவீடுகளுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் ஒத்துழைப்பது, பயிற்சியை ஏற்பது, தன்னையோ பிறரையோ ஆபத்தில் தள்ளும் செயலை வேண்டுமென்றே செய்யாதிருப்பது, பாதுகாப்புக்குக் கேடு விளைவிக்கும் நிலைமை கண்ணில் பட்டால் உடனே தெரிவிப்பது. இவை எல்லாம் உங்கள் பொறுப்பு. 'யாரும் சொல்லவில்லை' என்ற பதில் இங்கே செல்லாது.

முதல் நாளில் மூன்று செய்திகளை நீங்களே வாய்திறந்து சொல்ல வேண்டும். முன்பு வேறு இடத்தில் இதே வகை வேலை பார்த்திருந்தால் அந்தக் கதிர்வீச்சுக் கணக்கு முதலாவது. வேறு ஒரு நிறுவனத்தில் பகுதிநேரமாக இன்னமும் பார்த்துக்கொண்டிருந்தால் அது இரண்டாவது. ஒரே உடல் இரண்டு இடத்தில் வாங்குகிற அளவை யாராவது கூட்டிப் பார்க்க வேண்டும். அண்மையில் உங்களுக்கே அணு மருத்துவச் சோதனையோ சிகிச்சையோ நடந்திருந்தால் அது மூன்றாவது. தைராய்டு சிகிச்சைக்கு அயோடின்-131 உட்கொண்ட ஒருவர், உடலில் படும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் பேட்ஜை அணிந்து வந்தால், அவர் உடலே அந்த பேட்ஜை நிரப்பிவிடும். விசாரணை ஆரம்பித்துவிடும்.

பெண் பணியாளர்கள் கருவுற்றது தெரிந்ததும், அல்லது பாலூட்டத் தொடங்கியதும், அலுவலரிடம் தெரிவிப்பது நல்லது. தெரிவித்த பிறகு எஞ்சிய கர்ப்ப காலம் முழுவதிலும் கருவுக்குச் சேரும் அளவு 1 மில்லிசீவர்ட்டை (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டாதபடி வேலையை மாற்றியமைக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. இதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பதையும் அதே தரநிலை சொல்கிறது. அந்த வரியைத் தெரிந்துவைத்துக்கொள்வது உதவும். மறைத்து வைப்பதற்குப் பெரும்பாலும் வேலை போய்விடும் என்ற பயமே காரணம்.

எண்களோடு பழகுதல்

சில எண்கள் மனத்தில் இருந்தால் போதும். உலகில் சராசரி மனிதர் மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் ரேடான் வாயுவிலிருந்தும் ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு, 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 50-ஐத் தாண்டக் கூடாது. பணிக்குத் தொடர்பில்லாத பொதுமக்களுக்கு, இயற்கையாக வருவது போக, ஆண்டுக்கு 1. கை, கால், தோலுக்கு ஆண்டுக்கு 500 என்று தனி வரம்பு உண்டு. கண் வில்லைக்கு முன்பு 150 என்று இருந்ததை 2011-இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் சராசரி 20 என்று இறக்கிவிட்டது. கண்புரை நாம் நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே வரத் தொடங்குகிறது என்று தெரியவந்ததுதான் காரணம்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே களைந்துவிடுகிறேன். 20 என்பது செலவழித்துத் தீர்க்க வேண்டிய படி அல்ல. 'இன்னும் 15 பாக்கி இருக்கிறதே' என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். வரம்புக்குள் இருந்தாலும், நியாயமான முயற்சியால் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதுதான் விதி. நல்ல ஆய்வுக்கூடங்களில் பலருடைய பேட்ஜ் ஆண்டு முழுவதும் கண்டறியும் அளவுக்குக் கீழேயே இருக்கும்.

உங்கள் பொருள் எந்த ரகம்?

வேலையைத் தொடங்கும் முன் கையாளப்போகும் பொருளைப் பற்றி இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: மூடிய மூலமா, திறந்த மூலமா? என்ன கதிர்? அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், எவ்வளவு? இன்றைய செறிவு எவ்வளவு?

மூடிய மூலம் என்றால் உலோகக் குப்பிக்குள் பற்றவைத்து அடைத்தது. தொழிற்சாலைப் படமெடுப்பில் வரும் இரிடியம்-192, அளவுமானிகளில் இருக்கும் சீசியம்-137 எல்லாம் இந்த ரகம். குப்பி உடையாதவரை உங்கள் மேல் ஒட்டாது. வெளியிலிருந்து வரும் கதிர்தான் ஆபத்து. திறந்த மூலம் என்றால் திரவம், தூள், வாயு. அது சிந்தும், ஒட்டும், மூச்சில் போகும், விரலிலிருந்து வாய்க்குப் போகும். முதலாவதிடமிருந்து விலகி நிற்க வேண்டும். இரண்டாவதை உள்ளே விடாமல் தடுக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு ஒழுக்கங்கள். ஒன்றில் பத்தாண்டு தேர்ந்தவர்கூட மற்றொன்றில் முதல் நாள் மாணவர்தான்.

கதிரைப் பொறுத்துக் கவசம் மாறும். இதில் புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கிவிழும் இடம் பீட்டா. பாஸ்பரஸ்-32-இன் பீட்டாக் கதிர் காற்றில் 6 மீட்டர்வரை போகும். ஆனால் ஒரு சென்டிமீட்டர் அக்ரிலிக் தகடு அதை நிறுத்திவிடும். 'ஈயம் இன்னும் பலமாயிற்றே' என்று நேராக ஈயத்தை வைத்தால், பீட்டா அதில் மோதி எக்ஸ் கதிரை உண்டாக்கும். முதலில் அக்ரிலிக், தேவைப்பட்டால் அதற்கு வெளியே ஈயம் என்பதே வரிசை. காமாவுக்கு ஈயம், டங்ஸ்டன் போன்ற கனமான உலோகங்கள். இரிடியம்-192-இன் கதிரைப் பாதியாக்க ஏறக்குறைய 5 அல்லது 6 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். கோபால்ட்-60-க்குச் சுமார் 12. எக்ஸ் கதிர் அறையில் அணியும் மேலங்கியில் இருப்பதோ அரை மில்லிமீட்டருக்குச் சமமான ஈயம். அதை மாட்டிக்கொண்டு இரிடியம் பக்கத்தில் நிற்பதால் முதுகுதான் வலிக்கும்.

ஆல்பா கதிரைத் தாளே தடுத்துவிடும். உடலுக்குள் போனால் மட்டும் அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடியது. கதிரியக்க ஹைட்ரஜனான ட்ரிட்டியத்தின் பீட்டா இவ்வளவு பலவீனமானது: சாதாரண மீட்டரும் பேட்ஜும் அதை அறியவே அறியா. மேசையைத் துடைத்த தாளைத் திரவ மினுக்க எண்ணி என்ற கருவியில் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உடலுக்குள் போனதா என்பதற்குச் சிறுநீர்ப் பரிசோதனை. மீட்டர் அமைதியாக இருக்கிறது என்று ட்ரிட்டியம் மேசையில் நிம்மதியடையாதீர்கள்.

பேட்ஜ்

பேட்ஜ் உங்களைக் காப்பாற்றாது. நடந்து முடிந்ததைக் கணக்கு எழுதும், அவ்வளவே. டிஎல்டி (வாங்கிய கதிர்வீச்சைச் சேமித்து, சூடாக்கும்போது ஒளியாகக் காட்டும் படிகம்) வகையோ வேறு வகையோ, மாதக் கணக்கில் அணிந்த பிறகுதான் படித்துச் சொல்வார்கள். அந்தக் கணக்கு சரியாக இருக்க வேண்டுமானால்:

கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவே, முன்பக்கம், பெயர் தெரிய அணியுங்கள். ஈய மேலங்கி அணிபவர்கள் அதற்கு உள்ளே அணிவார்கள். கழுத்தருகே வெளியில் இரண்டாவது பேட்ஜ் கொடுத்திருந்தால் இரண்டையும் இடம் மாற்றாமல் அணிய வேண்டும். விரல் மோதிரம் கொடுத்தால் கையுறைக்கு உள்ளே, உணரும் பகுதி மூலத்தை நோக்கியிருக்கும்படி போட்டுக்கொள்ளுங்கள். மருந்துக் குப்பியைப் பிடிப்பவருக்கு மார்பில் ஒன்றும் காட்டாதபோதும் விரல் நுனியில் நிறையச் சேரும்.

வேலை முடிந்ததும் மூலம் இல்லாத, குறிக்கப்பட்ட இடத்தில் மாட்டிவிட்டுப் போங்கள். அடுத்தவர் பேட்ஜை ஒருபோதும் அணியாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், காரின் முகப்பில் வெயிலில் போடாதீர்கள், சட்டையோடு துவைக்காதீர்கள். ஒருமுறை ஒருவருடைய பேட்ஜ் வழக்கத்தைவிடப் பல மடங்கு காட்டியது. இரண்டு வாரம் விசாரணை. மேலங்கியைக் கழற்றி, பேட்ஜோடு சேர்த்து, மூலம் இருந்த பெட்டியின் மேல் போட்டுவிட்டு ஒரு வார விடுப்பில் போயிருந்தார். அந்த இரண்டு வாரமும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதற்கு நேர்மாறானது, அளவு கூடிவிடும் என்று பேட்ஜை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவது. முன்னது மறதி. பின்னது தன் உடலைப் பற்றித் தானே பொய்க் கணக்கு எழுதுவது.

மீட்டரைக் கையில் எடுக்கும்போது

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் இது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

அலமாரியிலிருந்து மீட்டரை எடுத்ததும் பக்கவாட்டில் ஒட்டியுள்ள அளவுத்திருத்தச் சீட்டைப் பாருங்கள். தேதி கடந்திருந்தால் திருப்பி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். பிறகு பேட்டரி சோதனை. முள் குறித்த கட்டத்துக்குள் நிற்க வேண்டும். கேபிளை மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது எண் துள்ளினால் உள்ளே இணைப்பு விட்டிருக்கிறது. அடுத்து, மூலங்கள் எதுவும் இல்லாத இடத்தில் நின்று பின்னணி அளவைப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் மணிக்கு 0.1, 0.2 மைக்ரோசீவர்ட் என்று ஏதாவது காட்டும். சுழியத்தில் அசையாமல் நிற்கும் மீட்டர் செத்த மீட்டர்.

கடைசியாக, சோதனை மூலம். காசு அளவிலான, செறிவு மிகக் குறைந்த வில்லை அது. பல மீட்டர்களில் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். உணரியை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே பக்கம் திருப்பி வைத்து, வரும் எண்ணைச் சீட்டில் குறித்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். நூற்றுக்கு இருபதுக்கு மேல் விலகினால் அந்த மீட்டர் அன்றைக்கு வேலைக்கு ஆகாது. எல்லாம் சேர்ந்து ஒன்றரை நிமிடம்.

ஒலியைப் போட்டுவிடுங்கள். கண் வேலையில் இருக்கும்போது காது கவனித்துக்கொள்ளும். கதவுக்கு வெளியிலேயே மீட்டரை இயக்கி, உங்களுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு உள்ளே போங்கள். உள்ளே போய் நின்று இயக்குவது, கிணற்றில் குதித்துவிட்டு ஆழம் பார்ப்பது. முள் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டால் 'எவ்வளவு என்று தெரியவில்லை' என்பதே பொருள். பின்வாங்கி, பெரிய அளவுக்கு மாற்றிக்கொண்டு மீண்டும் அணுகுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: சில பழைய கைகர் குழாய் மீட்டர்கள் மிக வலுவான கதிரில் திணறி, முள் ஒரேயடியாக ஏறிப் பிறகு சுழியத்துக்கே விழுந்துவிடும். ஏறிய முள் காரணமில்லாமல் விழுந்தால் ஆபத்து குறைந்ததாகக் கொள்ளாதீர்கள், வெளியே வாருங்கள்.

மீட்டர் ஒன்று சொல்கிறது, விளக்கு ஒன்று சொல்கிறது, சக ஊழியர் ஒன்று சொல்கிறார் என்றால், எது மிக மோசமான செய்தியோ அதை நம்பி நடங்கள். தவறு என்று பிறகு தெரிந்தால் அரை மணி நேரம் போகும்.

நேரம், தூரம், கவசம்

இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது தூரம். அதற்குக் காசு இல்லை, எடை இல்லை, மறந்துபோய் அலமாரியில் விட்டுவரவும் முடியாது. சிறிய மூலத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்பங்கு. பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்கு. இது எதிர்த்திசையிலும் உண்மை என்பதைத்தான் புதியவர்கள் மறக்கிறார்கள். ஒரு மீட்டரில் மணிக்கு 100 மைக்ரோசீவர்ட் காட்டும் சாதாரண மூலம், ஒரு சென்டிமீட்டரில் அதைப்போலப் பத்தாயிரம் மடங்கு: மணிக்கு 1 சீவர்ட். அதனால்தான் எந்த மூலத்தையும், எவ்வளவு சிறியதானாலும், விரலால் தொடக் கூடாது. 30 சென்டிமீட்டர் நீள இடுக்கி கையில் இருந்தால் விரலுக்கு வருவது தொள்ளாயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

நேரத்தை மிச்சப்படுத்த ஓட வேண்டாம். அவசரப்படுகிற கை தடுமாறி இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். சரியான வழி ஒத்திகை. புதிய வேலையை முதலில் வெறும் குப்பி, வெறும் தண்ணீர் வைத்துச் செய்து பாருங்கள். எந்த இடத்தில் கை தயங்குகிறது, எந்தக் கருவி எட்டவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். மூலம் மேசைக்கு வந்த பிறகு இடுக்கியைத் தேடுவது ஒத்திகை பார்க்காதவரின் அடையாளம்.

மூடிய மூலத்தோடு: படமெடுப்புக் களம்

கேமரா என்பது இங்கே மூலத்தைப் பூட்டிவைக்கும் கவசப் பெட்டி; கைப்பிடியைச் சுழற்றினால் மூலம் கேபிளின் முனையில் வழிகாட்டிக் குழாய் வழியே வெளியே போய்த் திரும்பும். இரிடியம்-192, 1 டெராபெக்கரல் (கதிரியக்கத்தின் அளவைச் சொல்லும் அலகு) என்று வையுங்கள். கவசம் ஏதுமின்றி வெளியே நின்றால் ஒரு மீட்டரில் மணிக்குச் சுமார் 130 மில்லிசீவர்ட். ஆண்டு வரம்பு முழுவதையும் பத்து நிமிடத்துக்குள் வாங்கிவிடலாம். எல்லைக்கயிற்றில் மணிக்கு 10 மைக்ரோசீவர்ட் இருக்கலாம் என்று விதி இருந்தால், கயிறு 114 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கதிரை ஒரு பக்கமாகக் குவிக்கும் கவசத்தைக் குழாய் முனையில் மாட்டுவது இந்தத் தூரத்தைக் குறைக்கத்தான். கயிறு கட்டியாயிற்று என்று விட்டுவிடாமல் முதல் படமெடுப்பின்போது கயிற்றருகே நடந்து அளந்து பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் ஆள் நிறுத்துங்கள். மாடி இருந்தால் மேலேயும் கீழேயும் கேட்டுக்கொள்ளுங்கள். கதிருக்குத் தளம் பெரிய தடையல்ல.

ஒவ்வொரு படத்துக்குப் பின்பும் கைப்பிடியைச் சுழற்றி மூலத்தை உள்ளே இழுத்ததும், மீட்டரோடு கேமராவைப் பின்பக்கமாக அணுகுங்கள். கேமராவைச் சுற்றி அளந்து, பிறகு வழிகாட்டிக் குழாயின் முழு நீளத்தையும் முனைவரை அளந்து, அதன் பிறகே பூட்டு. பூட்டிய பிறகுதான் படச்சுருளை மாற்ற வேண்டும். கைப்பிடி சுற்றிய எண்ணிக்கை சரியாக இருந்தது என்பது சான்றாகாது. கேபிளிலிருந்து மூலம் கழன்றிருந்தாலும் கைப்பிடி அதே எண்ணிக்கைதான் சுற்றும்.

1999 பிப்ரவரியில் பெருவின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில் 1.37 டெராபெக்கரல் இரிடியம் மூலம் கேமராவை விட்டு வெளியே கிடந்தது. அது என்னவென்று அறியாத வெல்டர் ஒருவர் அதை எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் வேலை பார்த்தார். படம் பதியாமல் போன பிறகே மூலம் காணோம் என்பது தெரிந்தது. அவர் ஒரு காலை இழந்தார். மீட்டரோடு ஒரு நடை நடந்திருந்தால் அன்று மாலை அவர் இரண்டு கால்களோடு வீட்டுக்குப் போயிருப்பார். உங்கள் கடமை உங்கள் உடலோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

திறந்த மூலத்தோடு: மேசையும் கையுறையும்

ஆய்வுக்கூடத்தில் சாப்பாடு, தண்ணீர், உதட்டுச்சாயம், பேனாவைக் கடிப்பது எதுவும் கிடையாது. வாயால் பிப்பெட் உறிஞ்சும் பழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் அந்த இடத்தில் வேலை செய்யாதீர்கள். விளிம்புள்ள தட்டில், உறிஞ்சும் தாள் விரித்து, அதன் மேல் வேலை. காற்றில் ஆவியாகக்கூடியது என்றால் புகை உறிஞ்சும் பெட்டிக்குள். கையில் காயம் இருந்தால் அலுவலரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கையுறை உங்கள் கையைக் காக்கும். கதவுக் கைப்பிடியைக் காக்காது. கையுறையோடு தொலைபேசியை எடுத்தவர், குளிர்பெட்டியைத் திறந்தவர், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தவர் எல்லோரும் தடம் விட்டுப் போகிறார்கள். அதனால் ஒரு கை 'அழுக்கு', ஒரு கை 'சுத்தம்' என்று பிரித்துக்கொள்ளும் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். அடிக்கடி உணரிக்கு முன் விரல்களைக் காட்டுங்கள். ஒலி கூடினால் உடனே மாற்றுங்கள்.

கழற்றுவதற்கும் முறை உண்டு. வலக்கையால் இடது கையுறையின் வெளிப்புறத்தை, மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே, கிள்ளிப் பிடியுங்கள். தோல் படக் கூடாது. அதை உள்புறம் வெளிவரும்படி உரித்து, வலது உள்ளங்கையில் உருண்டையாகச் சுருட்டிக்கொள்ளுங்கள். இப்போது வெறுங்கையான இடது விரலை, வலது கையுறையின் உள்விளிம்புக்குள் நுழைத்து, அதையும் உரித்தால் முதல் கையுறை இரண்டாவதின் வயிற்றுக்குள் போய்விடும். அழுக்கு முழுவதும் உள்ளே. அப்படியே கதிரியக்கக் கழிவுத் தொட்டியில். பிறகு கைகளை அளந்து, கழுவி, மறுபடி அளந்து, காலணியின் அடிப்பாகத்தையும் அளந்துவிட்டு வெளியே வாருங்கள். முதல் வாரம் தண்ணீரில் வண்ணம் கலந்து பழகினால் எங்கே தவறுகிறீர்கள் என்று கையே காட்டிவிடும்.

கழிவை அரை ஆயுளின்படி பிரியுங்கள். 6 மணி நேர டெக்னீசியம்-99எம் கழிவையும் 30 ஆண்டு சீசியம் கழிவையும் ஒரே பையில் போட்டால் பை முழுவதும் சீசியமாகிவிட்டது என்று அர்த்தம். 10 அரை ஆயுள் கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். பாஸ்பரஸ்-32-க்கு அது சுமார் 143 நாள். அளந்து உறுதிசெய்து, கதிரியக்க எச்சரிக்கையான மூவிதழ்ச் சின்னத்தை அழித்த பிறகே சாதாரணக் குப்பைக்குப் போகலாம்.

பூட்டும் பேரேடும்

மூலத்தை எடுத்தவர் யார், எப்போது, எங்கே போனது, எப்போது திரும்பியது என்பதை அப்போதைக்கப்போதே எழுதுங்கள். மாலையில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்பது பேரேட்டைக் கதைப்புத்தகமாக்கும் வழி. அளவுமானியைக் கழற்றும்போது உள்ளே மூலம் இருப்பதை மீட்டரால் உறுதிசெய்து, மூடியைப் பூட்டி, பிறகே திருகைத் தொடுங்கள். பெட்டியை அனுப்பும் முன்னும் பெற்ற பின்னும் அளக்க வேண்டும்.

2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் 6 மில்லிமீட்டர் விட்டமும் 8 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட சீசியம்-137 குப்பி, அளவுமானியிலிருந்து லாரியில் கழன்று விழுந்தது. 1,400 கிலோமீட்டர் சாலையில் தேடி, பிப்ரவரி முதல் தேதி ஓரத்தில் கண்டெடுத்தார்கள். லாரி வந்து சேர்ந்த பிறகும் பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை ஒன்பது நாள் யாருக்கும் தெரியவில்லை.

கைவிடப்பட்ட மூலம் அதைவிட மோசம். பிரேசிலின் கோயானியா நகரில், இடம் மாறிப்போன மருத்துவ நிலையம் ஒன்று விட்டுச்சென்ற சிகிச்சைக் கருவியை 1987 செப்டம்பரில் பழைய இரும்புக்காக எடுத்து உடைத்தார்கள். உள்ளே இருந்த 50.9 டெராபெக்கரல் சீசியம் தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருந்ததால் பகிர்ந்துகொண்டார்கள். 4 பேர் இறந்தனர், 249 பேர் உடலிலோ உடையிலோ மாசு கண்டுபிடிக்கப்பட்டது. உங்கள் கிடங்கின் மூலையில் 'யாருடையது என்று தெரியாத' பெட்டி இருந்தால், அதைப் பற்றி எழுத்துமூலம் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஏதாவது நடந்துவிட்டால்

சிந்திவிட்டதா? வேலையை நிறுத்துங்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சத்தமாகச் சொல்லுங்கள். உறிஞ்சும் தாளைப் போட்டு மூடுங்கள். இடத்தை விட்டு எல்லோரும் சிதறிப் போகாமல், அருகிலேயே சுத்தமான ஓர் இடத்தில் நில்லுங்கள். காலணியில் ஒட்டியது கட்டடம் முழுவதும் பரவக் கூடாது. அலுவலரை அழையுங்கள். துடைக்கும்போது ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள்.

தோலில் பட்டால் வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு. சூடான நீரோ முரட்டுத் தூரிகையோ வேண்டாம். கீறல் விழுந்தால் மாசு உள்ளே போக வழி கிடைக்கும். ஆனால் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார், இரத்தம் கொட்டுகிறது என்றால், முதலில் உயிர், பிறகுதான் மாசு. மருத்துவ உதவியைக் கதிரியக்கத்துக்காகத் தாமதப்படுத்தக் கூடாது. வருபவர்களிடம் விவரத்தைச் சொல்லிவிடுங்கள், போதும்.

மூலம் கேமராவுக்குள் திரும்ப மறுக்கிறதா? கையால் தொட்டு, குழாயைத் தட்டி, ஆட்டிப் பார்க்கும் எண்ணமே வரக் கூடாது. விலகுங்கள், எல்லையைப் புதிதாக அளந்து விரிவாக்குங்கள், யாரையும் உள்ளே விடாமல் காவல் நில்லுங்கள், அழையுங்கள். மீட்புக்குப் பயிற்சி பெற்றவர்கள் வந்து திட்டமிட்டுச் செய்வார்கள்.

தெரியாமல் மூலத்தைத் தொட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் வந்தால், கை நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டுக்குப் போகாதீர்கள். கதிர்வீச்சுப் புண் உடனே தெரியாது; சிவப்பும் கொப்புளமும் பல நாள், சில சமயம் வாரங்கள் கழித்துத்தான் வரும். அன்றே சொல்லுங்கள். பேட்ஜை அவசரமாகப் படிக்க அனுப்புவார்கள், இரத்தப் பரிசோதனை செய்வார்கள். எத்தனை நிமிடம், எந்தக் கை, எவ்வளவு தூரம் என்பதை மறக்கும் முன் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் மிகவும் உதவும்.

மேலாளர் அவசரப்படுத்தினால்? 'மீட்டர் இல்லாமல் தொட மாட்டேன்' என்று சொல்லுங்கள். மரியாதையாகவே சொல்லலாம். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்தவர் ஒருவர், மீட்டர் பழுதான நாளில் கேமராவின் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விடுவார். யார் கத்தினாலும் மாற்று மீட்டர் வரும்வரை திரும்ப மாட்டார்.

வேலையை விட்டுப் போகும்போது

பேட்ஜை ஒப்படைத்து, கடைசி அளவீடு வரும்வரை பொறுத்திருந்து, நீங்கள் அங்கே பெற்ற மொத்தக் கதிர்வீச்சுக் கணக்கின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் உள்ள மூலங்களைப் பேரேட்டில் அடுத்தவர் கையெழுத்தோடு மாற்றிக்கொடுங்கள். சாவிகளையும் அப்படியே. நகலைப் பள்ளிச் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிறுவனத்தில் முதல் நாளே அதைக் கேட்பார்கள்.